வரைபடத்திலிருந்து தொடங்குவதா, கசகசாவிலிருந்து தொடங்குவதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏகாதிபத்தியத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புத்தகம் கிடைப்பது இன்று கஷ்டமில்லை. எங்கே தொடங்குவது என்பதுதான் கஷ்டம். லண்டன், கல்கத்தா, சீனாவின் கான்டன், காங்கோ, ஜாவா, நியூசிலாந்து எல்லாம் ஒரே கதைக்குள் வந்து நிற்கும்போது முதல் மாதமே மூச்சு முட்டிவிடுகிறது. எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் படிக்கும் சிறிய வட்டம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எனப் பத்துப் பன்னிரண்டு பேர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது இதையேதான்: "எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" ஆளுக்கொரு பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான்கு வழிகள் இருப்பதாக எங்களுக்குத் தெளிவானது. வரைபடத்தையும் ஒப்பந்தங்களையும் பிடித்துக்கொண்டு போவது ஒன்று. ஒரே ஒரு நாட்டை எடுத்து அடிவரை தோண்டுவது இன்னொன்று. ஒரு சரக்கின் பின்னால் நடப்பது மூன்றாவது. கடல் கடந்துபோன மனிதர்களின் பின்னால் போவது நான்காவது. நான்கிலும் நான் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். எனக்கென்று ஒரு முடிவும் உண்டு. அதை மறைக்காமலே ஒப்பிடுகிறேன்.

பாடப்புத்தகங்கள் நம்மைக் கூட்டிப்போவது வரைபட வழியில்தான். 1884 நவம்பர் 15 அன்று ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கின் அழைப்பில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் பெர்லினில் கூடுகிறார்கள். 1885 பிப்ரவரி 26 அன்று கையெழுத்திட்டுக் கலைகிறார்கள். 1870 வாக்கில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிலம்தான் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1914க்குள் எத்தியோப்பியா, லைபீரியா இரண்டும் நீங்கலாக மற்ற எல்லா இடத்திலும் ஏதோ ஓர் ஐரோப்பிய அரசின் நிறம் ஏறிவிட்டது. இந்த வேகத்தை ஒரே பார்வையில் காட்ட வரைபடத்தை விட்டால் வேறு கருவி இல்லை. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆண்டு வரிசையும் பெயர் வரிசையும் தேவை; அவர்களுக்கு இந்த வழி உதவும்.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வருடம் போர்களையும் ஒப்பந்தங்களையும் வரிசையாக நோட்டில் எழுதினேன். ஒம்துர்மான் 1898, ஃபஷோடா 1898, அதுவா 1896 என்று கேட்டவுடன் சொல்வேன். ஆனால் 1885க்கு முன் காங்கோ ஆற்றங்கரையில் என்ன விளைந்தது, யார் வரி வாங்கினார்கள், எந்தச் சந்தையில் எது விற்றது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. பெர்லின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. அந்த மேசையிலிருந்தே பார்த்துப் பழகினால் நமக்கும் நிலம்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். இன்னொரு தவறான எண்ணமும் இந்த வழியில்தான் ஒட்டிக்கொள்கிறது. பெர்லினில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மாநாடு பேசியது காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகம், கப்பல் போக்குவரத்து, கடற்கரையில் புதிதாக இடம் பிடிப்பவர் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய முறை போன்றவற்றை. எல்லைக்கோடுகளில் பெரும்பாலானவை பிறகு இரண்டிரண்டு நாடுகள் தனித்தனியாகப் பேசிப் போட்டுக்கொண்டவை.

வரைபட வழியிலேயே போக வேண்டியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஐம்பது ஒப்பந்தங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். ஒன்று, 1840 பிப்ரவரி 6 அன்று நியூசிலாந்தில் கையெழுத்தான வைட்டாங்கி ஒப்பந்தம். ஆங்கில வாசகத்தில் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் இறையாண்மையையே பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரி மொழியில் அந்த இடத்தில் இருப்பது 'காவனதங்க' என்ற சொல். 'கவர்னர்' என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி நாவுக்கு ஏற்றபடி மாற்றி உண்டாக்கிய புதுச்சொல் அது. நிர்வாகம் செய்வது என்ற அளவில்தான் பொருள் தரும். அடுத்த பிரிவிலேயே, தங்கள் நிலத்தின் மேலும் ஊரின் மேலும் தலைவர்களுக்கு முழு உரிமை தொடரும் என்று அதே மொழியில் எழுதியிருக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரி வாசகத்தில்தான். இரண்டாவது, 1889இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்துகொண்ட உச்சாலி ஒப்பந்தம். அதன் 17வது பிரிவு அம்ஹாரிக் மொழியில், பேரரசர் விரும்பினால் வெளிநாட்டு விவகாரங்களுக்கு இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்கிறது. இத்தாலிய மொழியில் பெற்றே ஆக வேண்டும் என்கிறது. இந்த ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இத்தாலி எத்தியோப்பியாவைத் தன் காப்புநாடு என்று அறிவித்தது. பேரரசர் மெனலிக் மறுத்தார். 1896 மார்ச் 1 அன்று அதுவாவில் இத்தாலியப் படை தோற்றது. இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்து பழகிய நமக்கு இந்த இரண்டு ஆவணங்களும் சட்டென்று புரியும்.

அடுத்தது, ஒரே நாட்டை எடுத்துக்கொள்வது. இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது காங்கோ. காரணம் இருக்கிறது. கதைக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் உண்டு: 1885இலிருந்து 1908 வரை 23 ஆண்டுகள். பெல்ஜியத்தின் அரசர் இரண்டாம் லியோபோல்ட், பெல்ஜியத்தைப் போல எழுபத்தைந்து மடங்கு பெரிய நிலத்தைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். அங்கே ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் ரப்பர் தேவைப்பட்டது. காங்கோ காடுகளில் காட்டு ரப்பர்க் கொடிகள் இருந்தன. ஊருக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். ஆண்கள் காட்டுக்குள் போய் ரப்பர் கொண்டுவரும்வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். சிப்பாய்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, கொல்லப்பட்டவரின் வலது கையை வெட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கணக்கு சரிக்கட்ட உயிரோடு இருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன. 1904இல் மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த படத்தில் ன்சாலா என்ற தகப்பன், தன் ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி திண்ணையோரம் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தை எங்கள் வட்டத்தில் காட்டிய மாலை, யாரும் பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

சான்றுகள் நிறையக் கிடைப்பது காங்கோவின் இன்னொரு வசதி. லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தாவாக ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்வந்த மோரல், வருகிற கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருப்பதையும், போகிற கப்பல்களில் துப்பாக்கியும் தோட்டாவுமே இருப்பதையும் கணக்குப் புத்தகத்தில் பார்த்தார். சரக்குக்கு ஈடாக எதுவும் போகவில்லை என்றால் அங்கே நடப்பது வணிகமே இல்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. 1904இல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை வந்தது. லியோபோல்ட் தன் காங்கோ ஆவணங்களை எரிக்கச் செய்தார். ஆனாலும் விசாரணைக் குழுவிடம் ஆப்பிரிக்கர்கள் சொன்ன சாட்சியங்கள் மிஞ்சின.

இவ்வளவு இருந்தும் காங்கோவை முதல் பாடமாக வைக்க எனக்குத் தயக்கம். படித்து முடிக்கிறவர் மனதில் லியோபோல்ட் என்ற ஒரு கொடியவர் மட்டும் நின்றுவிடுகிறார். அவர் போய்விட்டால் எல்லாம் சரி என்பது போல ஆகிவிடுகிறது. அதனால் காங்கோ படிக்கிறவர்கள் கூடவே ஒரு மாதம் ஜாவாவையும் படியுங்கள் என்பேன். 1830இல் வான் டென் போஷ் என்ற டச்சு கவர்னர் ஜெனரல் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு சொல்கிற பயிரை இட வேண்டும்: கரும்பு, காப்பி, அவுரி. காகிதத்தில் படித்தால் நியாயமாகவே இருக்கும். கூலி உண்டு, மிச்சம் உண்டு. ஆனால் விளைச்சலுக்கு ஏற்ப டச்சு அதிகாரிகளுக்கும் உள்ளூர் தலைவர்களுக்கும் கமிஷன் வைத்திருந்தார்கள். அப்புறம் ஐந்தில் ஒன்று எங்கே நிற்கும்? நல்ல நிலமும் தண்ணீரும் கரும்புக்குப் போயின. 1849, 1850இல் டெமாக், க்ரோபோகன் பகுதிகளில் பஞ்சம் வந்தது. 1850களில் ஜாவாவின் பணம் ஹாலந்து அரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. இங்கே அரக்கன் என்று காட்ட ஒருவரும் கிடைக்கமாட்டார். விதிமுறை மட்டும்தான் கிடைக்கும். ஒரே சங்கடம், மூல ஆவணங்கள் டச்சு மொழியில் இருப்பது.

இப்போது என் மனதுக்குப் பிடித்த மூன்றாவது வழி. சரக்கு எதுவாகவும் இருக்கலாம்: பருத்தி, அவுரி, சர்க்கரை, ரப்பர், தேயிலை. நான் அபினியைச் சொல்வேன். நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபினி. மாலையில் காயைக் கீறி விடுவார்கள்; ராத்திரி முழுக்கப் பால் கசிந்து உறையும்; காலையில் வழித்தெடுப்பார்கள். ஒரு ஏக்கருக்கு எத்தனை ஆயிரம் காய், எத்தனை குனிதல் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு உழைப்பைத் தின்கிற பயிர் என்று தெரியும்.

பீகாரிலும் காசிப் பகுதியிலும் விவசாயிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இதைப் பயிரிட்டார்கள். முன்பணம் கொடுப்பது அரசின் அபினி ஏஜென்சி. விலையை வைப்பதும் அதுவே. வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விற்றால் குற்றம். முன்பணம் நிலவரிக்குப் போய்விடும். அடுத்த வருடமும் கசகசா போடாமல் தப்ப முடியாது. வழித்த பால் பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த கிட்டங்கிகளுக்குப் போகும். அங்கே உருண்டை உருண்டையாகப் பிடித்து, அந்தச் செடியின் இதழ்களாலேயே போர்த்திக் காயவைத்து, பெட்டிக்கு நாற்பது என்று அடுக்குவார்கள். காசிப்பூர் தொழிற்சாலை இன்றும் மருந்துக்காக இயங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டிகள் கல்கத்தாவில் ஏலத்துக்கு வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பு அந்த ஏலத்தோடு முடிந்தது. சீனாவில் அபினி தடை செய்யப்பட்ட சரக்கு என்பதால், தன் கப்பலில் கொண்டுபோகாமல் தனியார் வணிகர்களுக்கு விற்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டது. 1820 வாக்கில் ஆண்டுக்கு நாலைந்தாயிரம் பெட்டிகள் போயின. 1830களின் முடிவில் சுமார் 40,000.

ஏன் இவ்வளவு? தேயிலைக்காக. இங்கிலாந்து குடித்த தேயிலை முழுவதும் அப்போது சீனாவிலிருந்து வந்தது என்றே சொல்லலாம். சீனர்கள் அதற்குக் கேட்டது வெள்ளி. வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாததால் அபினியை விற்று அந்தப் பணத்தில் தேயிலை வாங்கினார்கள். லண்டன் அரசு அந்தத் தேயிலைக்கும் வரி போட்டது. தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை அதிலிருந்து எடுத்தது. பீகார் விவசாயியின் குனிந்த முதுகும் கான்டனில் புகைத்துக் கிடந்தவரின் உடலும் லண்டன் தேநீர்க் கோப்பையும் ஒரே கணக்கேட்டின் மூன்று பக்கங்கள். வரைபடம் இதைக் காட்டாது. பீகாரையும் கான்டனையும் அது வேறு வேறு அத்தியாயங்களில் வைத்துவிடும்.

1839 ஜூனில் லின் ஸெசூ என்ற அதிகாரி, பறிமுதல் செய்த 20,000க்கு மேற்பட்ட பெட்டி அபினியை ஹூமனில் உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். அதற்கு முன், கடலை அழுக்காக்கப் போவதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு வழிபட்டார். விக்டோரியா அரசிக்கு அவர் எழுதிய கடிதத்தை யாரும் தவறவிடக் கூடாது. உங்கள் நாட்டில் இதன் தீமை தெரிந்து தடுக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறோம், பிறகு ஏன் எங்களுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறார். பதிலாகப் போர்க்கப்பல்கள் வந்தன. 1842 ஆகஸ்ட் 29 நான்கிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, 2 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம். இப்படி வந்து சேரும்போது ஒப்பந்தம் என்ற சொல்லுக்கே வேறு கனம் இருக்கிறது. வரைபட வழியில் முதல் பக்கத்தில் படித்தது இங்கே கடைசியில் வருகிறது. அதன் விலை என்ன என்று தெரிந்த பிறகு வருகிறது.

இந்த வழி நமக்குச் சங்கடமானதையும் காட்டும். மத்திய இந்தியாவின் மால்வா அபினி பம்பாய் வழியாகப் போனது. அந்த வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர்களில் இந்தியர்கள் இருந்தார்கள். பிற்பாடு மருத்துவமனைகள் கட்டிப் பெயர் பெற்ற ஜம்செட்ஜி ஜீஜீபாய் அவர்களில் முக்கியமானவர். ஆட்சி செய்தவர் ஒரு பக்கம், அடங்கியவர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க அபினி விடாது.

குறையும் உண்டு. சரக்கின் பயணம் சுவாரசியமாக இருப்பதால் அதிலேயே மயங்கி, தூக்கிச் சுமந்தவர்களை மறந்துவிடலாம். எங்கள் வட்டத்தில் ஒரு வருடம் இது நடந்தது. பெட்டி எண்ணிக்கை, ஏல விலை, கப்பல் வேகம் என்று பேசிக்கொண்டே போனோம். ஒரு விவசாயியின் வார்த்தைகூட எங்கள் குறிப்புகளில் இல்லை என்று கடைசியில்தான் கவனித்தோம். அதற்கு மாற்று, 1893இலிருந்து 1895 வரை நடந்த அபினி ராயல் கமிஷனின் ஏழு தொகுதிகள். கமிஷனின் முடிவு அரசுக்குச் சாதகம்தான். அதைவிட அதற்கு முன்னால் நின்று பேசிய இந்தியர்களின் சாட்சியங்கள்தான் படிக்க வேண்டியவை.

நான்காவது வழிக்கு ஒரு குடும்பம் பாலமாக நிற்கிறது. 1840இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அபினிப் போரை அநியாயம் என்று கண்டித்துப் பேசிய இளம் உறுப்பினர் வில்லியம் கிளாட்ஸ்டன். ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் அந்தப் பக்கம் தோற்றது. அவருடைய தந்தை ஜான் கிளாட்ஸ்டன் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர். அடிமை முறை ஒழிந்தபோது அரசு அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஜான் கிளாட்ஸ்டனுக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. வேலைக்கு ஆள் வேண்டுமே என்று 1838இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஏற்பாடும் அவருடையதே.

அதன்பின் மொரீஷியஸ், டிரினிடாட், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், ஃபிஜி என்று பதிமூன்று லட்சம் பேர் அளவுக்குப் போனார்கள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். இலங்கைக்குப் போனவர்கள் கதை வேறு. அங்கே தலைவர் ஒருவர் ஊரிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் கங்காணி முறை; மன்னார்ப் பக்கம் இறங்கி மலைநாடு வரை நடந்தே போனார்கள். முதலில் காப்பி, 1869இல் இலைநோய் தாக்கி அது அழிய, பிறகு தேயிலை. கடனை எழுதிக் கையில் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைக் கட்டுகிற துரை அந்தக் கூலியை எடுத்துக்கொள்ளலாம். கூலி, கங்காணி, துண்டு எல்லாம் நம் சொற்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் அவை அப்படியே ஏறிக் கிடக்கின்றன. தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான வழி இல்லை. தோட்டப் பாடல்களைக் கேட்கிறவருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

நெருக்கமாக இருப்பதாலேயே இதை இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன். முதலில் இதில் இறங்குகிறவர்கள் நம்மவர் பட்ட பாட்டோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துயரம் உண்மை. ஆனால் 1840இன் 12ஆம் சட்டத்தால் நிலத்தின் மேலிருந்த உரிமையை இழந்த கண்டிச் சிங்களக் குடியானவர்களும் அதே மலையில் இருந்தார்கள். கயானாவில் விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கூலி உயர்த்திக் கேட்க முடியாமல் போனதற்கு நம்மவர் கப்பல் வந்ததும் ஒரு காரணம். இதைப் பார்க்கும் கண் சரக்கு வழியில் கொஞ்ச காலம் நடந்தால் கிடைக்கிறது.

சரி, யார் எதை எடுப்பது? தேர்வு எழுதுகிறவர் வரைபட வழியில் போகட்டும், அந்த இரண்டு ஒப்பந்தங்களையும் விடாமல். ஆறு மாதம்தான் நேரம் இருக்கிறது என்பவர் காங்கோவையும் கூடவே ஜாவாவையும் படிக்கலாம். பள்ளியில் பாடம் நடத்துகிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கசகசாவைச் சொல்வேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுத்து வர முடிகிற ஒரே ஆதாரம் அது. ஒரு வருடம் ஒதுக்க முடிகிறவரும் அபினியில் தொடங்கி, கப்பல் பட்டியல்களுக்குப் போய், வரைபடத்தைக் கடைசியில் விரிக்கட்டும். பாட்டன் பூட்டன் கண்டிக்கோ நேட்டாலுக்கோ போன குடும்பத்திலிருந்து வருகிறவரை மட்டும் நான் தடுக்கமாட்டேன். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். பழைய கமிஷன் அறிக்கைகளும் மாவட்ட கெஜட்டியர்களும் பல இடங்களில் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் பக்கத்திலேயே.

அபினி வழியில் போனதால்தான் எங்களுக்கு ஒரு மழை நாள் கிடைத்தது. 1841 மே மாத இறுதி, கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊர். அபினிப் போரில் பிரிட்டிஷார் பக்கம் சண்டையிட்டவர்களில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த சென்னைப் படையினர் நிறைய இருந்தார்கள். ஊர் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தபோது பெருமழை பிடித்தது. 37வது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி, அதாவது சிறு படைப்பிரிவு, வழிதவறிப் பிரிந்துவிட்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. வயல் நடுவே சதுரமாக நின்று, ஈட்டி முனையால் தடுத்தபடி, மீட்புக்கு மழையிலும் வெடிக்கும் வேறு வகைத் துப்பாக்கியோடு ஆள் வரும்வரை நின்றார்கள். இந்தப் பக்கமும் நெல் விளைவித்த ஊர்க்காரர்கள், அந்தப் பக்கமும் அப்படியே. அந்தக் கம்பெனியை நடத்திய அதிகாரியின் பெயர் ஹாட்ஃபீல்ட் என்று போர்க் குறிப்புகளில் இருக்கிறது. சிப்பாய்களின் பெயர்களை நாங்கள் படித்த எதிலும் காணவில்லை. இந்த வருடம் சனிக்கிழமைகளை அதைத் தேடுவதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.